கண்டும் காணாமல் வளர்ந்தவர்கள்

சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குச் செல்லும் சாலை பாரோயைத் தாண்டியபின் புக்கிட் பூத்துஸ் மலைமேல் ஏறுகிறது. இன்று அவ்வழியே செல்வோர் கண்ணிற்படுவன வீடமைப்புப் பகுதிகளும், கடைவரிசைகளும், பெரிய விளையாட்டரங்கமும் ஆகும். சிரம்பானைச் சூழ்ந்து நின்ற ரப்பர்க் காடுகள் பலவும் சாய்க்கப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன, அவற்றில் வாழ்ந்தோர் தாமான்களிலும் அடுக்கு வீடுகளிலும் குடியேறி ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. அவர்களுள் எண்பதையும் தொண்ணூறையும் எட்டிய முதியோர் சிலர் இன்னும் இருக்கின்றனர். பால்மரம் வெட்டிய கதையைக் கேட்டால் அவர்கள் மணிக்கணக்கில் சொல்வர். கங்காணியின் அதட்டலும், விடியுமுன் கூடிய பெரட்டும், மங்கில் நிறைந்த பாலை மழை கொண்டுபோன காலைகளும் தடையின்றி வரும். அவசரகாலத்தில் தோட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். அப்போது சிறுபிள்ளை, ஒன்றும் தெரியாது என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

அந்த விடையைப் பொய் என்று தள்ளுவதும் எளிது. அறியாமை என்று இரங்குவதும் எளிது. இரண்டுமே பிழை. அது கற்றுக்கொடுக்கப்பட்ட விடை. தாயும் தந்தையும் பிள்ளையைப் பிழைக்க வைப்பதற்காகக் கற்பித்த பாடம், பிழைத்து முடிந்து அறுபது எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் நாவைவிட்டு இறங்க மறுக்கிறது. புரட்சியும் போரும் நடந்த நாட்டில் பிள்ளையாய் வளர்ந்தவன், வளர்ந்தபின் தான் கண்டதைச் சொல்லக் கடமைப்பட்டவனா? அவ்வாறு சொன்னால் தன்னைக் காத்தவர்களுக்கு இரண்டகம் செய்தவனாவானா? இக்கேள்வி உலகின் பல நாடுகளில் எழுந்துள்ளது. ரப்பர்த் தோட்டத்துத் தமிழர் நடுவே அதற்குத் தனியொரு கூர்மை உண்டு.

1935-ஆம் ஆண்டு நெகிரி செம்பிலான் தோட்டமொன்றில் பிறந்த ஒரு பிள்ளையை எண்ணிப் பார்ப்போர்க்கு அக்கூர்மை விளங்கும். அப்பிள்ளைக்கு ஆறேழு வயதாகும்போது, வெல்ல முடியாதவன் என்று எல்லாரும் நம்பிய வெள்ளைத் துரை ஓடிப்போகிறான். பள்ளியில் உதயசூரியக் கொடிக்கு வணக்கம் செலுத்தி ஜப்பானியப் பாட்டுப் பாட வேண்டியதாகிறது. 1942 மார்ச்சில், கோலப்பிலாவை அடுத்த பாரிட் திங்கியில் பெண்டு பிள்ளைகளோடு நூற்றுக்கணக்கான சீனர்கள் ஜப்பானியப் படையினரால் கொல்லப்படுகின்றனர். அதே மாதத்தில் ஜெலுபு வட்டாரத்துத் தித்தியின் அருகே ஜூ லூங் லூங் என்னும் குடியிருப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாள்கின்றனர். தோட்டத்து ஆடவர் பலர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட வண்டியேற்றப்படுகின்றனர், திரும்பாதவர் பல்லாயிரவர். எட்டு வயதில் அப்பிள்ளை ‘ஜெய் ஹிந்த்’ என்று முழங்கக் கற்றுக்கொள்கிறது. 1943-இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்றபின், பாலுளி பிடித்த கைகள் துப்பாக்கி பிடித்தன. ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் சேர்ந்தனர். சிறுவர்க்கும் பால சேனை இருந்தது. பத்து வயதில், 1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடைகிறது. காட்டிலிருந்து மூன்று நட்சத்திரத் தொப்பியணிந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் ஊருக்குள் வந்து தாங்களே நீதிமன்றம் நடத்துகின்றனர். சில வாரங்களில் மறுபடியும் பிரிட்டிஷ் கொடி. பதின்மூன்று வயதில், 1948 ஜூனில், அவசரகாலம்.

ஏழு ஆண்டுகளுக்குள் இத்தனை கொடிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வணக்கம். ஒவ்வொன்றும் போனபின், அதற்கு வணங்கியவன் யார் என்று தேடும் ஒரு கூட்டம். நேற்றைய வீரன் இன்றைய குற்றவாளி ஆவதை அப்பிள்ளை மீண்டும் மீண்டும் கண்டது. மாநாட்டுக் கட்டுரைகளில் பிள்ளைப் பருவத்தைக் கள்ளங்கபடமற்ற பொற்காலம் என்று வருணிப்பது வழக்கமாகிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைக்கு அத்தகைய வசதி இருந்ததில்லை.

அவசரகாலம் அதற்கு முந்தியவற்றினும் வேறானது. ஜப்பானியன் அயலான், அவனைக் கண்டு அஞ்சுவதில் குழப்பமில்லை. 1948-க்குப் பிறகோ ஆபத்து இரு திசையிலிருந்தும் வந்தது. இரவில் காட்டிலிருந்து வருவோர் அரிசி கேட்டனர், கொடுக்காவிட்டால் துரோகி. பகலில் போலீசும் பட்டாளமும் வந்து, யார் கொடுத்தார்கள் என்று கேட்டன, கொடுத்திருந்தால் குற்றவாளி. விசாரணையின்றிச் சிறையிலடைக்கவும் நாடுகடத்தவும் சட்டம் இடங்கொடுத்தது. துப்புச் சொல்வோர்க்குப் பணம் இருந்தது. சொன்னது காட்டுக்குத் தெரிந்தால் சாவும் இருந்தது. சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலி போடப்பட்டது. நாடு முழுவதும் ஏறத்தாழ 5 இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். வெட்டுக்குப் போகும் பெண் மதியச் சோற்றை எடுத்துச் செல்வதற்கும் காவற்சாவடியில் விடை சொல்ல வேண்டியிருந்தது.

இந்நிலையில் பெற்றோர்க்கு மிகப் பெரிய ஆபத்து வீட்டிலிருந்த பிள்ளையே. பிள்ளைக்கு மறைக்கத் தெரியாது. ‘நேற்று ராத்திரி வந்த மாமா யார்?’ என்று ஆயாக்கொட்டகையில் ஒரு குழந்தை கேட்டாலே ஒரு குடும்பம் அழியக்கூடும். ஆதலின் கண்டதைக் காணாததாகவும், கேட்டதைக் கேளாததாகவும் ஆக்கப் பிள்ளைகள் பழக்கப்பட்டனர். அரசாங்கமும் தன் பங்குக்கு வயதை வகுத்துத் தந்தது. 1948-இல் வந்த பதிவுச் சட்டத்தின்படி பன்னிரண்டு வயது நிரம்பிய எவரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். படமும் கைரேகையும் பதிந்த அவ்வட்டை கையில் வந்த நாளில் பிள்ளைப்பருவம் சட்டப்படி முடிந்தது எனலாம். அதன்பின் தெரியாது என்று சொல்வதும் பாதுகாப்பில்லை.

இதனை வேறொரு நாட்டின் பிள்ளையோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். ஈரானில் 1979-இல் மன்னராட்சி வீழ்ந்து மதத்தலைவர்களின் ஆட்சி வந்தபோது மார்ஜான் சத்ராபிக்கு ஒன்பது வயது. மறு ஆண்டு பள்ளியில் முக்காடு கட்டாயமாயிற்று. ஈராக்குடன் போர் மூண்டது. பதினான்காம் வயதில் பெற்றோர் அவரை வியன்னாவுக்கு அனுப்பினர். பின்னாளில் பிரான்சிலிருந்து அவர் ‘பெர்செபொலிஸ்’ என்னும் தலைப்பில் தம் வாழ்க்கையைக் கறுப்பு வெள்ளைச் சித்திரக் கதையாக, 2000 முதல் 2003 வரை, நான்கு பகுதிகளில் வெளியிட்டார். 2007-இல் வின்சென்ட் பரோனோவுடன் சேர்ந்து அதைக் கைச்சித்திரப் படமாகவும் எடுத்தார்; கான் திரைவிழாவில் அது நடுவர் பரிசு பெற்றது.

அந்நூலில் உலகம் வியந்தது புரட்சியை. தோட்டத்துத் தமிழ் வாசகன் வியக்க வேண்டியது வேறொன்று: அந்த வீட்டில் பேசுகிறார்கள். சிறுமி கேட்கிறாள், பெற்றோர் விடை சொல்கின்றனர். சிறையிலிருந்து வந்த அனூஷ் என்னும் சிற்றப்பா, பொதுவுடைமைக்காரர், மடியிலிருத்தித் தம் கதையைச் சொல்கிறார். பின்பு அவர் தூக்கிலிடப்படும்போது, இறந்தவர் யார், எதற்காக இறந்தார் என்பது அச்சிறுமிக்குத் தெரியும். புத்தகங்கள் நிறைந்த நடுத்தர வகுப்பு வீடு அது. சுவர்கள் தடித்தவை. லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே பலகைச் சுவர். அதுவும் கூரை வரை எட்டுவதில்லை. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் மூன்றாம் வீட்டில் கேட்கும். அரசியலைப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்வதற்கு அறிவு மட்டும் போதாது, சுவரும் வேண்டும். அனைத்துலக அரங்கில் இத்தகைய நினைவு நூல்கள் பெரும்பாலும் வசதி படைத்த வீடுகளிலிருந்தே வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலாயாவிலும் ஓர் அனூஷ் இருந்தார். தஞ்சைப் பகுதியிலிருந்து இளமையிலேயே வந்து, இந்திய தேசிய இராணுவத்தில் பணிபுரிந்து, போருக்குப்பின் அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரான எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர்ப் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தோழர் பி. வீரசேனன் அதற்கு முந்திய நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். கூலி உயர்வையும் மனித மதிப்பையும் பற்றித் தோட்டத்து மக்களிடம் பேசியவர்கள் இவர்கள். அவர்களைப் பற்றி எத்தனை லயத்தில் எத்தனை தந்தையர் தம் பிள்ளைக்குச் சொல்லியிருப்பர்? நேதாஜியின் படம் சுவரில் தொங்கலாம். கணபதியின் பெயர் வாயிலும் வரக்கூடாது. ஒரே மனிதர் ஈராண்டு முன் வீரர் என்றும், பின்பு பயங்கரவாதி என்றும் அழைக்கப்பட்டதைப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது? விளக்காமல் விடுவதே எளிதாயிருந்தது. 

ஆகவேதான், போஸின் படையைப் பற்றிய நினைவுகள் தாராளமாகப் பதிவாயின. ஜான்சி ராணிப் படையின் ஜானகி ஆதி நாகப்பனும், ராசம்மா பூபாலனும் தம் இளமையைப் பலமுறை எடுத்துரைத்தனர். நேர்காணல்களும் நூல்களும் வந்தன. ஜானகிக்கு 2000-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கிச் சிறப்பித்தது. அந்நினைவுக்கு ஒரு நாடு தாயாக நின்றது. 1948-க்குப் பின்வந்த நினைவுகளுக்குத் தாயுமில்லை, தாய்மாமனுமில்லை.

மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் இக்காலத்தை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, 1930-இல் பிறந்த அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் இருப்புப்பாதையின் கொடுமையைக் கூறின. ரெங்கசாமி ‘லங்காட் நதிக்கரை’யில் ஜப்பானியர் காலத்தையும் அதனைத் தொடர்ந்த பொதுவுடைமையினரின் காலத்தையும் எழுதினார். ஜப்பானியர் வந்தபோது அவர் பன்னிரண்டை எட்டாத சிறுவர். அவசரகாலத்தில் பதினெட்டு வயது இளைஞர். கண்டவர் எழுதிய எழுத்து அது. எனினும் அவர் தேர்ந்துகொண்ட வடிவம் நாவல். பெரும்பாலோர் தேர்ந்ததும் அதுவே. தன்வரலாறு என்று பெயரிட்டு வந்த தமிழ் நூல்கள் மிகச் சில. முத்தம்மாள் பழனிச்சாமியின் ‘நாடு விட்டு நாடு’ போன்றவை விதிவிலக்கு.

நாவல் ஒரு நல்ல கூரை. அதன்கீழ் நின்று, இது கதைதான் என்று சொல்லிக்கொள்ளலாம். அரிசி கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேறு பெயர் வைக்கலாம். காட்டிக்கொடுத்தவனை வேறு தோட்டத்துக்காரனாக்கலாம். யாரும் புண்படமாட்டார்கள். வள்ளுவர் வாய்மைக்கு வகுத்த இலக்கணமும் தீங்கு விளையாத சொல் என்பதே. அவ்வளவில் நாவலாசிரியன் வள்ளுவர் வழி நின்றவனே ஆகிறான். சிக்கல் எங்கே எழுகிறதென்றால், அந்தக் கூரை எளியோரை மட்டும் மறைப்பதில்லை. வேலிபோட ஆணையிட்டவனும், விசாரணையின்றி அடைத்தவனும், காட்டிலிருந்து வந்து ஏழைத் தொழிலாளியைக் கொன்றவனும் அதே கூரையின்கீழ் பெயரற்றுப் பதுங்கிக் கொள்கின்றனர். ஜப்பானியரைப் பற்றிய நாவல்களில் இக்குறை தோன்றாது. ஏனெனில் ஜப்பானியர் தோற்றவர்கள், தோற்றவரின் பெயரைச் சொல்ல அச்சமில்லை. மரண ரயில் பற்றித் தமிழில் எழுந்த குரல் அவசரகாலம் பற்றி அந்த அளவுக்கு எழாததற்கு வலியின் அளவு காரணமன்று. யார் வென்றார் என்பதே காரணம்.

வென்றவரின் நினைவே நாட்டின் நினைவாகும்போது மாற்று நினைவுக்கு என்ன நேரும் என்பதைத் திரைப்படம் காட்டித் தந்தது. மலாயாப் பொதுவுடைமைக் கட்சியின் தலைவர் சின் பெங் தம் தரப்பு வரலாற்றை 2003-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அமிர் முகமது 2006-இல் ‘லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்’ என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். அதில் சின் பெங் ஒரு காட்சியிலும் தோன்றுவதில்லை. அவர் பிறந்து வளர்ந்து நடமாடிய ஊர்களில் இன்று வாழும் சாதாரண மக்கள் பேசுகின்றனர். இடையிடையே பாட்டுகள் வருகின்றன. துப்பாக்கி வெடிக்காத அந்தப் படம் மலேசியாவில் தடை செய்யப்பட்டது. மனிதனைக் காட்டவில்லை, அவன் நடந்த தெருவைக் காட்டியதே மிகையாயிற்று. சின் பெங்கும் நாடு திரும்ப இசைவு பெறாமலேயே 2013-இல் பாங்காக்கில் இறந்தார்.

சின் பெங்கிற்காக இங்கு வாதாட வேண்டியதில்லை. அவருடைய கட்சியின் துப்பாக்கிக்கு இரையானோரில் ஏழைத் தொழிலாளரும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளும் இதே தோட்டங்களில்தான் வளர்ந்தனர். தந்தையைக் காட்டுக்குப் பறிகொடுத்த பிள்ளையும், தந்தையைச் சிறைக்குப் பறிகொடுத்த பிள்ளையும் ஒரே பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லாமல் படித்த காலம் அது. அவ்விருவரும் இன்று ஒரே தாமானில் எதிரெதிர் வீட்டுக்காரராக இருக்கக்கூடும். அவர்களில் ஒருவர் நினைவுகளை எழுத அமர்ந்தால் எதைச் சொல்லலாம், எதை விடலாம்?

இங்கு மீண்டும் சத்ராபியின் நூல் உதவுகிறது. வியன்னாவிலிருந்து திரும்பித் தெஹ்ரானில் இளம்பெண்ணாக வாழும் நாளில், உதட்டுச் சாயம் பூசித் தெருவில் நிற்கும்போது காவலர் வண்டி வருகிறது. அகப்படாமல் தப்ப, அங்கே சும்மா உட்கார்ந்திருந்த ஒருவனைக் காட்டி, தன்னிடம் அவன் தகாத வார்த்தை பேசினான் என்று பொய் சொல்கிறாள். அவனைப் பிடித்துச் செல்கின்றனர். வீட்டுக்கு வந்து அதைச் சிரிப்பாகச் சொல்லும்போது பாட்டி சினந்து கடிகிறாள். நூலிலும் படத்திலும் இக்காட்சி இடம்பெறுகிறது. சர்வாதிகாரத்தைச் சாடும் நூல் முழுவதிலும் மிகத் துணிவான பகுதி இதுவே என்று கூறத் தோன்றுகிறது. ஆட்சியின் கொடுமையைப் பழிப்பது யார்க்கும் இயலும். அந்த ஆட்சி தன்னையும் ஒரு கணம் தன் கருவியாக்கியதை ஒப்புக்கொள்வது அரிது. அங்கே குற்றம் செய்தவள் பெயரோடு நிற்கிறாள்; கெட்டழிந்தவன் பெயரின்றி இருக்கிறான்; அந்நிலையை உண்டாக்கிய ஆட்சி ஐயத்துக்கு இடமின்றிச் சுட்டப்படுகிறது.

தோட்டத்து நினைவுகளுக்கும் இந்த முறைமை பொருந்தும். பசியாலும் அச்சத்தாலும் ஒருவன் செய்ததை அவன் பெயரோடு எழுத எவனுக்கும் உரிமையில்லை. அவன் பேரப்பிள்ளைகள் வாழும் ஊரில் அது இன்னொரு காட்டிக்கொடுத்தலாகும். ஆனால் எந்தச் சட்டம், எந்த ஆண்டு, எந்த ஆணை, எந்தத் துப்பாக்கி என்பவற்றைத் தெரியாது என்ற சொல்லுக்குள் புதைப்பதற்கு யாரும் யாருக்கும் கடமைப்படவில்லை. தாய் மௌனம் கேட்டது அடுத்த வீட்டுக்காரியைக் காப்பதற்காக. கமிஷனரைக் காப்பதற்காக அன்று. அவள் கேட்டதற்கு மேலாகவே இத்தலைமுறை அவளுக்குக் கீழ்ப்படிந்துவிட்டது.

சிறுவர் நினைவு முழுமையற்றது, அதை வரலாறாகக் கொள்வது எப்படி என்று கேட்போர் உளர். அக்கேள்வி நேர்மையானது. ஏழு வயதில் கண்டதை எழுபது வயதில் எழுதும்போது, இடையில் படித்த புத்தகமும் பார்த்த படமும் நினைவில் கலந்துவிடும். இடைவெளிகளைக் கற்பனையால் அடைக்கும் ஆசையும் எழும். அடைக்காமல் விடுவதே மேல். இரவில் கதவு தட்டப்பட்டது, விளக்கு அணைக்கப்பட்டது, காலையில் அரிசித் தகரம் குறைந்திருந்தது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை என்று ஒருவர் எழுதினால், வந்தவர் யார் என்று தெரியாவிட்டாலும் அக்காலத்தின் ஓர் உண்மை முழுமையாகப் பதிவாகிவிட்டது. அந்த அறியாமையே அன்று பிள்ளைகளுக்கு நேர்ந்த அனுபவம்.

பேசாமையின் விலையை அதைக் கடைப்பிடித்தவர்கள் மட்டும் கொடுக்கவில்லை. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015-இல் திரைக்கு வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம், தோட்டத்தை இழந்து புறம்போக்கில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், அவர்கள் நடுவே அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். படித்து முன்னேறு என்று தந்தை மணியம் அடிக்கிறான். குண்டர் கூட்டத்தோடு திரியும் சிற்றப்பன் வேறொரு உலகத்தைக் காட்டுகிறான். பையனின் கற்பனைக்குப் பள்ளியிலும் இடமில்லை, வீட்டிலும் இடமில்லை. அங்கே போருமில்லை, புரட்சியுமில்லை, கொடி மாற்றமுமில்லை. எனினும் அவனைச் சூழ்ந்திருப்பது மேலே சொன்ன வரலாற்றின் மிச்சமே. தந்தைக்குச் சொல்லத் தெரியவில்லை, கையோங்கத் தெரிகிறது. எங்கிருந்து வந்தோம், ஏன் துரத்தப்பட்டோம், பாட்டன் எதற்காகப் போராடினான், எதற்காக வாய்மூடினான் என்று ஒருவராவது அச்சிறுவனோடு அமர்ந்து பேசியிருந்தால் அவன் சிற்றப்பனிடம் வீரம் தேடியிருக்க வேண்டியதில்லை.

தமிழ் பேசும் அப்படம் மலேசியப் படந்தானா என்னும் கேள்வியும் எழுந்தது. 2016-இல் நடந்த 28-ஆம் மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் அமையாத படங்களைத் தனிப்பிரிவில் வைத்தபோது, மலாய்க் கலைஞர்கள் சிலரே முன்னின்று அதை எதிர்த்தனர். பிரிவுகள் மாற்றியமைக்கப்பட்டன. சிறந்த மலேசியப் படம் என்னும் விருது ‘ஜகாட்’டுக்கும், சிறந்த புதுமுக இயக்குநர் விருது அதன் இயக்குநருக்கும் கிடைத்தன. தந்தையின் அடிக்கும் பள்ளியின் அடிக்கும் நடுவே சொல்லற்று நின்ற தோட்டத்துப் பையன், அன்று தன் தாய்மொழியிலேயே இந்நாட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளப்பட்டான். அவனுடைய பாட்டனின் கதையைப் படமாக்க வேண்டுமானால், பாரோயிலும் பகாவிலும் லாபுவிலும் இன்னும் உயிரோடிருக்கும் சிலரிடம் இந்த ஆண்டே சென்று கேட்டாக வேண்டும்.